கையால் ஆக்கப்பட்ட பிறந்தநாள் அட்டை: உழைப்பும் ஓய்வும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வண்ணக் கடதாசியை இரண்டாக மடித்து, முகப்பில் வெட்டியெடுத்த பூக்களையும் றிபன் துண்டொன்றையும் ஒட்டி, உள்ளே இரண்டு வரி எழுதிப் பிறந்தநாளன்று கொடுக்கப்படும் ஓர் அட்டை ஆராய்ச்சிக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. பேரரசுகளும் பெருங்காப்பியங்களுமே புலமைக்குரிய விடயங்கள் எனக் கொள்ளும் மனப்பாங்கு நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தில் யார் உழைக்கின்றனர், யாருக்கு ஓய்வு வாய்க்கின்றது, அவ்வோய்வு எதற்குச் செலவிடப்படுகின்றது ஆகிய வினாக்களுக்குப் பெரிய நினைவுச் சின்னங்களைக் காட்டிலும் இத்தகைய சிறு பொருள்களே சில வேளைகளில் நேர்மையான விடை தருகின்றன.

இவ்வட்டையைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் வரலாறு எளிமையானது. முன்னர் மக்கள் தம் கையாலேயே வாழ்த்து அட்டைகளைச் செய்தனர். பின்னர் இயந்திரம் வந்து அவ்வழக்கத்தை நலிவித்தது. இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் அதனைப் பொழுதுபோக்காக மீட்டெடுத்து வருகின்றனர் என்பதே அது. இழந்த பொற்காலம், அதன் மீட்சி என்னும் இக்கதை வடிவம் இலக்கிய வரலாறு பயின்றோருக்குப் பழக்கமானதே. அது முற்றிலும் பொய்யன்று. எனினும் காரண காரியத் தொடர்பைத் தலைகீழாக்கிக் காட்டுவது. கையால் ஆக்கும் பிறந்தநாள் அட்டையைத் தொழிற்சாலைக்கு முற்பட்ட காலத்தின் எச்சமாகக் கொள்வதைவிடத் தொழிற்சாலையின் பிள்ளையாகக் கொள்வதே பொருத்தம் என்பது நமது கருத்து.

பிறந்தநாள் அட்டை தோன்றுவதற்கு முதலிற் பிறந்தநாள் ஒன்று வேண்டும். ஐரோப்பாவில் நெடுங்காலமாக அரசர், பிரபுக்கள் ஆகியோரின் பிறந்த தினங்களே கொண்டாட்டத்துக்குரியனவாக இருந்தன. கத்தோலிக்க நாடுகளில் ஒருவர் தாம் பிறந்த நாளிலும் பார்க்கத் தமது பெயருக்குரிய புனிதரின் திருநாளையே போற்றினர். ஏழை எளியோர் பலருக்குத் தாம் பிறந்த ஆண்டே திட்டமாகத் தெரியாது. (நம்மவரிடையே சாதகம் கணித்து வைக்க வசதியுடையோர் பிறந்த நாழிகையைக்கூட ஏட்டிற் பதிந்து வைத்தனர். ஆனால் அது திருமணப் பொருத்தத்துக்கும் தசாபுத்திக்கும் வேண்டிய கணக்கு. திகதியை முன்னிட்டு ஆண்டுதோறும் வாழ்த்துக் கூறும் வழக்கம் வேறு.)

இங்கிலாந்தில் வயது என்பது பொதுமக்களின் வாழ்வில் முக்கியம் பெற்ற இடங்களுள் ஒன்று நெசவாலையின் வாசல் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பட்டாலைகள் தவிர்ந்த நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. அதற்கு மேற்பட்ட சிறுவரின் வேலை நேரத்தையும் வயதுக்கேற்ப வரையறுத்தது. ஆனால் பிள்ளையின் வயதை எங்ஙனம் அறிவது? பிறப்புப் பதிவு இல்லாத நிலையில், மருத்துவர் ஒருவர் பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்துச் சான்றிதழ் வழங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. உயரத்தை அளப்பதைவிடப் பற்களைப் பார்ப்பதே நம்பகமானது என வாதிட்டு எட்வின் சோண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் 1837இல் ஒரு பிரசுரத்தையே வெளியிட்டார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிதே. அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதி இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசாங்கப் பிறப்புப் பதிவு ஆரம்பமாயிற்று. பின்னர் 1870இன் கல்விச் சட்டமும், 1880இல் வந்த கட்டாயப் பாடசாலை வரவும் பிள்ளைகளை வயதுவாரியாக வகுத்தன. அமெரிக்காவில் இத்தகைய வயதுணர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்து பிறந்தநாட் கொண்டாட்டமாகவும் பிறந்தநாள் அட்டையாகவும் உருக்கொண்டவாற்றை ஹவார்ட் சூடக்கொவ் 1989இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டுகின்றது. ஆலை வாசலிற் கணிக்கப்பட்ட வயதே, நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறையில் மெழுகுதிரிகளாக எண்ணப்பட்டது எனலாம்.

அடுத்து, அட்டையை அனுப்பும் வழி. 1840 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு பெனித் தபால் முறை நடைமுறைக்கு வரும்வரை, கடிதத்துக்கான கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே அதனைச் செலுத்தினார். கடித உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டதால், உறையிலிட்டு அனுப்புவது வீண்செலவாக இருந்தது. புதிய முறையின் கீழ் நிறையே கணக்கிடப்பட்டது. எனவே மடித்த அட்டையும், றிபனும், உலர்ந்த பூவும் உறைக்குள் இடம் பெற்றன. உறைகளை மடிக்கும் இயந்திரம் 1851ஆம் ஆண்டின் மாபெரும் பொருட்காட்சியிற் பார்வையாளரைக் கவர்ந்த பொருள்களுள் ஒன்று. மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் இயந்திரத்தின் வளர்ச்சியை விளக்குமிடத்து, முன்னர் ஒருவர் மடிக்க, இன்னொருவர் பசை தடவ, வேறொருவர் மூடியை மடக்க என்று பல கைகள் மாறிய உறை, இப்போது ஒரே இயந்திரத்தில் மணிக்கு 3,000க்கு மேல் ஆக்கப்படுவதை எடுத்துக்காட்டாகத் தருகின்றார். கடதாசியின் கதையும் இத்தகையதே. தொடர்ச்சியாகக் கடதாசி செய்யும் இயந்திரத்துக்கு நிக்கலஸ் லூயி றொபேர் 1799இல் பிரான்சில் உரிமம் பெற்றார். கடதாசித் தொழிலாளருடன் இடையறாது நேர்ந்த பிணக்குகளே அவரை அதற்குத் தூண்டின. 1861இல் இங்கிலாந்தின் கடதாசி வரியும் ஒழிந்தது. மலிவான கடதாசி, மலிவான உறை, மலிவான தபால் ஆகிய மூன்றும் வாய்த்த பின்னரே கையால் அட்டை செய்வது பரந்துபட்ட மக்களுக்கு இயல்வதாயிற்று.

இதற்கு முற்பட்ட கடதாசிக் கைவினை இல்லாமலில்லை. மேரி டிலேனி என்னும் சீமாட்டி 1772இல், தமது எழுபத்திரண்டாவது வயதளவில், வண்ணத் தாள்களை நுணுக்கமாக வெட்டி ஒட்டித் தாவரங்களை உருவாக்கத் தொடங்கி, ஏறத்தாழ ஆயிரம் படைப்புகளை விட்டுச் சென்றார். அவை இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. அவற்றின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை அரச குடும்பத்துடன் பழகிய ஒருவரின் நீண்ட ஓய்வில் விளைந்தவை, பொது வழக்கமல்ல.

இலக்கிய மாணவர் என்ற வகையில் நம் கவனத்தை ஈர்ப்பது இன்னொன்று. காதலர் தின அட்டைகளைக் கையாற் செய்தோருக்கு உதவும்பொருட்டு, எழுதத்தக்க செய்யுள்களைத் தொகுத்துத் தந்த மலிவுப் பிரசுரங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தில் விற்பனையாயின. 1797இல் இளைஞருக்கென வந்த தொகுப்பு அவற்றுட் பெயர்பெற்றது. ஆகவே அச்சிட்ட அட்டை பரவுவதற்கு முன்பே அச்சிட்ட உணர்வு பரவிவிட்டது. கை எழுதுபவருடையது, சொல் கடையில் வாங்கியது. 'முழுவதும் சொந்தமான' கைவினை அட்டை என்ற ஒன்றைத் தேடிப் பின்னோக்கிச் செல்வோருக்கு இது சங்கடமான சான்று.

பிறந்தநாள் அட்டையின் உருவமைப்பு பெரும்பாலும் காதலர் தின அட்டையிலிருந்தும் கிறிஸ்மஸ் அட்டையிலிருந்தும் கடன்பெற்றதாகும். அச்சகத்தார் ஒரே ஓவியத்தில் வாழ்த்துச் சொல்லை மட்டும் மாற்றி வெவ்வேறு தினங்களுக்கு விற்றனர். ஹென்றி கோல் என்பவரின் வேண்டுகோளின்பேரில் ஜோன் கொல்கொட் ஹோர்ஸ்லி 1843இல் வரைந்த முதலாவது வணிகக் கிறிஸ்மஸ் அட்டையின் விலை ஒரு சிலிங். தென் இங்கிலாந்தின் விவசாயக் கூலியாள் ஒருவரின் வாரக்கூலி பத்துச் சிலிங்கை அரிதாகவே எட்டிய காலம் அது.

காதலர் தின அட்டையின் வரலாற்றிலே எஸ்தர் ஹவ்லண்டின் தொழில் சற்று விரிவாக நோக்கத்தக்கது. 1828இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த இவர், 1847இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் தேறியவர். தந்தையார் எழுதுபொருள் வணிகர். இங்கிலாந்திலிருந்து வந்த அலங்கார அட்டையொன்றைக் கண்டு, அதனிலும் சிறந்ததைத் தம்மாற் செய்ய இயலும் என எண்ணினார். லேஸ் போன்ற துளைவேலைப்பாடுடைய கடதாசி அக்காலத்திற் புதியது. 1834இல் இலண்டனில் டொப்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஜோசப் அடன்புறூக் என்பவர், உருக்கு அச்சில் அழுத்திய தாளின் புடைத்த முனைகளை அரத்தால் தேய்த்தபோது துளைகள் விழுந்து லேஸ் போலாவதைக் கண்டார் என்பர். பெண்களும் சிறுமியரும் கண்பார்வை மங்க மங்கப் பின்னிய உண்மை லேஸின் போலியே இது. ஹவ்லண்ட் இத்தகைய தாளையும் வண்ணத் துண்டுகளையும் வரவழைத்து மாதிரி அட்டைகளைச் செய்தார். வணிகப் பயணம் சென்ற சகோதரர் இருநூறு டொலருக்குக் கேள்வி கொண்டுவந்தாலே போதும் என அவர் எதிர்பார்த்திருக்க, ஐயாயிரம் டொலருக்கு மேற்பட்ட கேள்வி வந்து சேர்ந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நமக்கு முக்கியமானது. வீட்டின் மேல்மாடி அறையொன்றில் தோழியரையும் அயற்பெண்களையும் மேசையைச் சுற்றி அமர்த்தினார். ஒருத்தி படங்களை வெட்டினாள், ஒருத்தி அடுக்கினாள், ஒருத்தி பின்னணித் தாளை ஒட்டினாள், அடுத்தவள் லேஸை வைத்தாள். ஹவ்லண்ட் செய்து வைத்த மாதிரியைப் பார்த்துப் பார்த்து அட்டை கைமாறிக் கைமாறி நிறைவுற்றது. தொழில் பெருகியபோது, வேண்டிய பொருள்கள் அனைத்தையும் பெட்டியிலிட்டுப் பெண்களின் வீடுகளுக்கு அனுப்பி, ஒரு வாரத்தின் பின் முடிந்த அட்டைகளைச் சேகரிக்கும் முறையும் ஏற்பட்டது. ஹென்றி ஃபோர்டின் பெயரோடு நாம் இணைத்துப் பேசும் கோர்ப்பு வரிசையின் தத்துவம், காதல் அட்டைக்கு ரோஜாப்பூ ஒட்டும் மேசையிலே அரை நூற்றாண்டுக்கு முன்னரே தொழிற்பட்டிருக்கின்றது. அவர் கூலியில் தாராளமாகவே நடந்துகொண்டார் என்று கூறப்படுவதை மறுக்க நாம் முற்படவில்லை. அட்டையின் பின்புறத்தில் சிவப்பு மையிற் சிறிய 'எச்' எழுத்துப் பொறிக்கப்பட்டது. அது மேசையைச் சுற்றியிருந்த பெண்களின் பெயர் எதனதும் முதலெழுத்தன்று.

1879இல் அவருடைய நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்கள் கொண்ட சிறு நூலொன்றை வெளியிட்டது. அட்டையின் செய்யுள் பிடிக்காதவர், அந்நூலிலிருந்து வேறொன்றை வெட்டி அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். உற்பத்தியின் இறுதிச் செயலை நுகர்வோரின் கையில் விட்டு, 'இது என் தேர்வு' என்னும் நிறைவை அளிக்கும் உத்தி இது. இன்றைய கைவினைப் பொருட் கடைகளின் வணிகம் முழுவதும் இவ்வொரு செயலின் விரிவே எனத் தோன்றுகின்றது. ஹவ்லண்டின் தொழிலை 1881 அளவில் ஜோர்ஜ் விட்னி வாங்கினார். விட்னி நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாட்டில், 1942இல் மூடப்பட்டது.

இதற்கிடையில், ஜெர்மனியிலிருந்து வந்து பொஸ்ரனிற் குடியேறிய லூயி பிராங் வண்ணக் கல்லச்சில் அட்டைகளை அச்சிட்டு 1875 முதல் அமெரிக்கச் சந்தைக்கு விட்டார். பிராங் பிற்காலத்திற் பாடசாலைகளுக்கான சித்திரப் பாடப் பொருள்களையும் வண்ணங்களையும் விற்பவராகவும் விளங்கினார் என்பது பலராற் கவனிக்கப்படாதது. ஃபுறோபெல் வகுத்த பாலர் கல்வியில் கடதாசி மடித்தல், வெட்டுதல், பின்னுதல் ஆகியன பிள்ளைகளுக்குரிய செயற்பாடுகளாக இடம்பெற்றன. அட்டை அச்சிடுவோரே அட்டை செய்வதற்கான பொருள்களையும் விற்கும் நிலை அக்காலத்திலேயே தோன்றிவிட்டது. வகுப்பறையில் அம்மாவுக்கென்று பிள்ளை செய்து கொண்டுவரும் கோணல்மாணலான அட்டைக்கும் இவ்வாறு ஒரு வணிகப் பின்னணி உண்டு. அதனால் அந்த அட்டையின் அருமை குறைந்துவிடுகின்றது என நாம் கூறவரவில்லை.

நமது கட்டுரையின் மையம் இனிமேல்தான் வருகின்றது. பிராங்கின் அட்டைகளும் ஜெர்மனியில் அச்சாகிய புடைப்புத் துண்டுப் படங்களும் நடுத்தர வர்க்கப் பெண்களின் மேசைகளிற் பரவிய அதே ஆண்டுகளில், இலண்டனின் கிழக்குப் பகுதியில் வேறொரு மேசையிலும் கடதாசி மடிக்கப்பட்டது, பசை தடவப்பட்டது, துண்டுகள் ஒட்டப்பட்டன. அங்கு ஆக்கப்பட்டவை தீப்பெட்டிகள். ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, இரண்டேகால் பென்ஸ் அளவே கூலி. பசைக்கும் கட்டும் நூலுக்கும் தொழிலாளியே செலவிட வேண்டும். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளும் அம்மேசையிலேயே அமர்ந்தனர். செயற்கைப் பூக்கள் செய்வோர், இயந்திர லேஸின் ஓரங்களைக் கத்தரித்துச் சீராக்குவோர் ஆகியோரின் நிலையும் இதுவே. 1906இல் டெய்லி நியூஸ் பத்திரிகை இலண்டன் குவீன்ஸ் ஹோலில் நடத்திய 'வியர்வைத் தொழில்' பொருட்காட்சியில் இத்தொழிலாளர் பார்வையாளரின் முன் அமர்ந்து வேலை செய்து காட்டினர். 1909இன் தொழிற்சபைச் சட்டம் குறைந்தபட்சக் கூலி நிர்ணயத்துக்கென முதலில் தெரிந்த தொழில்கள் நான்கு: ஆயத்த ஆடை, சங்கிலி, கடதாசிப் பெட்டி, இயந்திர லேஸ் சீராக்கல். அவற்றுள் இரண்டு, கடதாசியும் லேஸும், வாழ்த்து அட்டையின் மூலப்பொருள்களையே நமக்கு நினைவூட்டுகின்றன.

மடித்தல், வெட்டுதல், ஒட்டுதல் ஆகிய விரற்செயல்கள் இரு மேசைகளிலும் ஒன்றே. ஒன்றின் விளைவை அன்பின் அடையாளமாகப் போற்றினர். மற்றதன் விளைவு உரசப்பட்ட தீக்குச்சியோடு குப்பைக்குச் சென்றது. 'கையால் ஆக்கியது' என்னும் சொல் முதல் மேசைக்கு மட்டுமே வழங்கலாயிற்று. இயந்திரம் செய்த பொருள் மலிந்த பின்னர்தான் கைவேலையின் குறைகளே மதிப்புக்குரிய அடையாளங்களாயின என்பதைத் தோர்ஸ்டீன் வெப்லன் 1899இல், கையால் அடித்த வெள்ளிக் கரண்டியை முன்வைத்து அங்கதச் சுவையோடு காட்டினார். அவருக்கு முன் ரஸ்கின் 1853இல் அதே குறைகளைத் தொழிலாளியின் சுதந்திரத்துக்குச் சான்றாகக் கண்டார். இருவரும் ஒரே உண்மையின் இரு பக்கங்களைக் கண்டனர் என்றே நாம் கருதுகிறோம். சற்றே சரிந்து ஒட்டப்பட்ட பூ, 'எனக்கு ஓய்வுண்டு' என்று அறிவிக்கின்றது. 'இந்த ஒரு மணி நேரம் என்னுடையதாக இருந்தது' என்றும் கூறுகின்றது. வெப்லனை மட்டும் பிடித்துக்கொண்டு இப்பொழுதுபோக்கை வெறும் பூர்ஷ்வா ஆடம்பரம் எனத் தள்ளிவிடும் நம்முடைய தோழர் சிலருடன் இவ்விடத்தில் நாம் உடன்பட இயலாதுள்ளது. நாள் முழுவதும் பிறர் வகுத்த வேலையைப் பிறருக்காகச் செய்யும் ஒருவர், இரவில் தொடக்கமும் முடிவும் தம் கையிலேயே உள்ள ஒரு சிறு வேலையை நாடுவது, அந்நியமாதலின் விளைவென்பதோடு அதற்கெதிரான முனகலுமாகும். எனினும் ஸ்டீவன் கெல்பர் பொழுதுபோக்குகள் பற்றி 1999இல் வெளியிட்ட நூலில், வேலைத்தலத்தின் ஒழுங்கும் விழுமியங்களும் பொழுதுபோக்கின் வழியாக வீட்டினுள்ளும் நிலைபெறுகின்றன என வாதிடுவதையும் ஒதுக்கிவிட முடியாது.

பெறுமதி பற்றிய வினா, இப்பொழுதுபோக்காளர் தம் அட்டைகளை விற்க முற்படும்போது கூர்மையாக எழுகின்றது. மூன்று மணித்தியாலம் செலவிட்டு ஓர் அட்டை செய்தவர், அம்மணித்தியாலங்களுக்கு மிகக் குறைந்த கூலியையேனும் கணக்கிட்டு விலை கூறினால் வாங்குவார் அரிது. ஏனெனில் கடையில் உள்ள அச்சிட்ட அட்டையே விலையின் எல்லையை வகுக்கின்றது. சமுதாய ரீதியாக அவசியமான உழைப்பு நேரமே பண்டத்தின் பெறுமதியை நிர்ணயிக்கும் என்ற விதி அவருடைய சமையலறை மேசைவரை வந்து எட்டிப்பார்க்கின்றது. அதே அட்டையை மகளுக்கோ தோழிக்கோ கொடுக்கும்போது அவ்விதி செயலிழக்கின்றது. அங்கு மூன்று மணித்தியாலமும் மூன்று மணித்தியாலமாகவே பெறப்படுகின்றது. பெறுபவர் அதனைக் கண்ணால் எண்ணிப் பார்க்கின்றார். இக்காரணத்தாலேயே இவ்வட்டை விற்பனையில் எப்போதும் நட்டமடைவதும், அன்பளிப்பாக எப்போதும் தோல்வியுறாததும் ஆகின்றது.

மூலதனம் இதனை அறியாததன்று. 1910இல் கன்சாஸ் நகரில் ஜோய்ஸ் ஹோல் தபாலட்டைகளோடு தொடங்கிய வணிகம், ஹோல்மார்க் என்ற பெரு நிறுவனமாக வளர்ந்து முடிந்த அட்டைகளை விற்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடியாத அட்டைகளை விற்கும் தொழில் அதற்கு இணையாக வளர்ந்தது: முன்னரே வெட்டிய பூக்கள், வாழ்த்துச் சொல் செதுக்கிய இறப்பர் முத்திரைகள், அளவாக மடித்த தாள், அதற்குரிய உறை. 'இன்னார் கையால் ஆக்கியது' என்று அட்டையின் பின்புறத்திற் பதிப்பதற்கான முத்திரையும் கடையிற் கிடைக்கின்றது. ஹவ்லண்டின் பெட்டி மீண்டும் வீடுகளுக்கு வந்துவிட்டது. ஆனால் இம்முறை பெட்டியைப் பெறுபவரே பணமும் செலுத்துகின்றார்.

2006இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிறுவனமொன்று கிரிகட் என்ற பெயரில், வீட்டு மேசையிலேயே தாளை நுட்பமாக வெட்டும் மின்னியந்திரத்தைச் சந்தைக்கு விட்டது. அட்டை செய்வோர் பலர் அதனை வாங்கினர். பின்னர் வந்த மாதிரிகளை இயக்குவதற்கு நிறுவனத்தின் மென்பொருள் வேண்டியதாயிற்று. 2021 மார்ச்சில், பங்குச் சந்தையில் நிறுவனம் நுழைந்துகொண்டிருந்த அதே மாதத்தில், ஒருவர் தாமே வரைந்த வடிவங்களை மாதத்துக்கு இருபதுக்கு மேல் அம்மென்பொருளில் ஏற்றுவதாயின் இனி மாதக் கட்டணம் செலுத்த வேண்டும் என அறிவிக்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய இயந்திரம், சொந்தமாக வரைந்த பூ, சொந்தமாக வாங்கிய தாள். இவற்றுக்கிடையே ஒரு வாயிற்கதவு எழுந்தது. தொழிற்சங்கம் எதிலும் சேர்ந்திராத, தம்மைத் தொழிலாளராக எண்ணிப் பாராத, பெரும்பாலும் பெண்களான பல்லாயிரவர் அதற்கெதிராகக் குரலெழுப்பினர், மனுக்களிற் கையொப்பமிட்டனர். சில நாள்களுக்குள் நிறுவனம் தன் முடிவைக் கைவிட்டது.